மெட்ரோவில் ஸாஸி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிரிப்பும் வலியும் கலந்த டார்க் காமெடி, பாருங்கள் என்று இந்தப் படத்தைப் பற்றி யாரிடம் சொன்னாலும் இரண்டொரு நாளில் எனக்கு போன் வந்துவிடும். "என்னங்க படம் இது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரத்தில் நிறுத்தியவர்கள் உண்டு. முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். பின்பாதிக் கேள்விகளில் முடிவும் வந்துவிடும். படத்தைப் பார்க்காதவர்கள் விரும்பினால் பாதியில் நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

இது என்ன படம்? சுருக்கமா சொல்லுங்க.

1960-ல் வந்த பிரெஞ்சுப் படம். பிரெஞ்சில் 'ஸாஸி தான் லெ மெத்ரோ'. இயக்கியவர் லூயி மால். ரெய்மோன் கெனோ எழுதி 1959-ல் வெளிவந்து பிரான்சில் சக்கைப்போடு போட்ட நாவல்தான் மூலம். திரைக்கதையை மாலும் ழான்-போல் ரப்பனோவும் சேர்ந்து எழுதினார்கள். வண்ணப்படம். ஒன்றரை மணி நேரம் ஓடும்.

ஒரு அம்மா வெளியூரிலிருந்து ரயிலில் பாரிசுக்கு வருகிறாள். காதலனோடு இரண்டு நாள் கழிக்க வேண்டும். கூட வந்த மகள் ஸாஸியை ரயில் நிலையத்திலேயே காப்ரியேல் என்ற உறவுக்காரரின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அந்தப் பெண்ணுக்கு பாரிசில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஐஃபெல் கோபுரம் வேண்டாம், நெப்போலியன் கல்லறை வேண்டாம். மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும். மெட்ரோவில் அன்றைக்கு வேலைநிறுத்தம். இதுதான் கதை.

காப்ரியேல் அவளுக்கு மாமாவா, சித்தப்பாவா?

பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாது. மாமா, சித்தப்பா, பெரியப்பா, சித்தியின் கணவர் என்று எல்லாருக்கும் சேர்த்து அவர்களிடம் 'ஓங்க்ள்' என்று ஒரே சொல்தான். குழந்தைகள் செல்லமாக 'தொந்தோன்' என்பார்கள். நாம்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

நான் மாமா என்றே எழுதுகிறேன். அம்மா நம்பிக் கொண்டுவந்து விட்டுப் போகிற ஆள் அவர். அப்புறம், தாய்மாமன் என்றால் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் சுதந்திரமே தனி. வாரலாம், முறைக்கலாம், 'போ மாமா' என்று ஓடலாம். சித்தப்பா என்றால் அப்பாவின் இடத்தில் நிற்கிறவர். ஸாஸியின் அப்பாவைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது. அதைப் படித்தால் அப்பா வழிச் சொல் இந்தப் படத்துக்கு ஏன் ஒட்டாது என்பது தெரியும்.

பொண்ணுக்கு என்ன வயசு? இப்படிக் கெட்ட வார்த்தை பேசுறாளே!

நடித்த கத்ரீன் தெமோன்ழோவுக்கு அப்போது 10 வயது. நாவலின் ஸாஸி இன்னும் கொஞ்சம் பெரியவள். மால் வயதைக் குறைத்தது மிகச் சரியான முடிவு. 13, 14 வயதுப் பெண்ணை வைத்து எடுத்திருந்தால், அவளைத் துரத்துகிற ஆண்கள் வருகிற காட்சிகளில் நமக்குச் சிரிப்பே வந்திருக்காது.

கெட்ட வார்த்தை பேசுகிறாள்தான். யாராவது பெரிய விஷயம் ஏதாவது சொன்னால், அதைத் திருப்பிச் சொல்லி, கூடவே தன் பின்புறத்துக்கு பிரெஞ்சில் உள்ள கொச்சைச் சொல்லைச் சேர்த்துவிடுவாள். நெப்போலியனின் கல்லறையைப் பார்க்கலாமா என்றால் நெப்போலியனுக்கும் அதே மரியாதைதான். நம்மிடம் 'நெப்போலியனாவது மண்ணாங்கட்டியாவது' என்று ஒரு வழக்கு இருக்கிறதே, அமைப்பில் அது இதற்கு மிகவும் நெருக்கமானது. காரம் மட்டும் பிரெஞ்சில் பல மடங்கு. 1959-ல் ஒரு சிறுமியின் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு பிரான்சே அதிர்ந்து சிரித்தது.

மெட்ரோவுல போகணும்னு ஏன் அவ்வளவு அடம்?

படம் காரணம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. குழந்தையின் ஆசைக்குக் காரணம் கேட்பது பெரியவர்களின் வேலை.

பாரிஸ் மெட்ரோ 1900-ல் ஓட ஆரம்பித்தது. பாரிஸ்காரர்களுக்கு அது தினசரி அலுப்பு. கிராமத்திலிருந்து வந்த பிள்ளைக்கோ பூமிக்கு அடியில் ஓடுகிற ரயில். பெரியவர்கள் அவளுக்குக் காட்ட நினைப்பது நினைவுச் சின்னங்களை. காரில் போகும்போது மாமாவும் அவருடைய நண்பரும் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி 'அதோ பாந்தியோன்', 'இல்லை, அது வேற' என்று சண்டை போடுவார்கள். கவனித்துப் பாருங்கள், சொந்த ஊரின் கட்டடங்களையே அவர்களுக்கு அடையாளம் தெரிவதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருக்கிற ஒரே ஆள் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அரை மணி நேரத்துல தலை சுத்துது. ஏன் படம் இப்படிப் பறக்குது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். படத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது.

கெனோவின் நாவல் மொழியை வைத்து விளையாடிய நாவல். கொச்சை, காவிய நடை, தத்துவப் பேச்சு, போலீஸ் அறிக்கை என்று எல்லாவற்றையும் கலந்து ஒன்றை இன்னொன்றால் கிண்டல் செய்கிறது. சொல்லை வைத்துச் செய்த விளையாட்டைப் படத்தில் எப்படிக் காட்டுவது? எழுத்தாளர் இலக்கியத்துக்குச் செய்ததை நாம் சினிமாவுக்குச் செய்து பார்ப்போம் என்று மால் முடிவு செய்தார். அதனால் படம் சினிமாவின் இலக்கணத்தை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போகிறது. ஒரு ஆள் திரையின் இடது ஓரத்தில் மறைந்து அடுத்த கணம் வலது ஓரத்தில் நிற்பார். பேச்சு ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்போதே சுற்றியிருக்கும் பொருள்கள் இடம் மாறியிருக்கும். அமெரிக்க ஊமைப்படக் கோமாளித்தனமும் கார்ட்டூன் துரத்தல்களும் நிஜ மனிதர்களின் மேல் ஏற்றப்பட்டிருக்கின்றன.

தொழில்நுட்பத்தில் ஒரு விஷயம் தெரிந்தால் ரசனை கூடும். சாதாரணமாக நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃப்ரேம்கள்) எடுப்பார்கள். மால் சில காட்சிகளை 12, 8 என்று குறைத்து எடுத்தார். குறைத்து எடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் விறுவிறுவென்று ஓடும். ஆனால் நடிகர்களை மட்டும் அதே அளவுக்கு மெதுவாக நடிக்கச் சொல்லியிருந்தார். விளைவு: முன்னால் இருப்பவர்கள் இயல்பாகப் பேசுவார்கள், பின்னால் தெருவும் ஜனங்களும் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும். இன்றைக்குக் கணினியில் செய்வதை அன்றைக்கு உடம்பை வைத்துச் செய்தார்கள். 10 வயதுப் பெண்ணும் அந்த மெதுவான நடிப்பைச் செய்திருக்கிறாள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் வியப்பு அடங்கவில்லை.

படத்தின் தோற்றத்துக்கு ஆலோசகராக இருந்தவர் பாரிசில் வாழ்ந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் க்ளைன். அந்தக் கன்னத்தில் அறைகிற நிறங்களிலும் தெருவோர விளம்பரப் பலகைகளிலும் அவருடைய கண் தெரியும்.

தலை சுற்றுகிறவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு தடவையாகப் பாருங்கள். முதல் நாள் ஐஃபெல் கோபுரம் வரைக்கும், மறுநாள் மிச்சம். கைபேசித் திரையில் மட்டும் வேண்டாம். ஓரங்களில் நடக்கிற பாதிச் சேஷ்டைகள் கண்ணில் படாமலே போய்விடும்.

ஐஃபெல் கோபுரத்துல அந்த மாமா தொங்குறாரே, அது நிஜமா?

நிஜம்தான். பிலிப் நுவாரே அந்தக் கோபுரத்தின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே வெளிப்பக்கத்தில் நிற்கிறார். இப்போதிருக்கும் கணினி வித்தை எதுவும் அன்றைக்குக் கிடையாது. பார்க்கிற நமக்கே உள்ளங்கால் கூசும்.

அந்த இடத்தில் அவர் பேசுகிற நீளமான வசனத்தை வேகத்தில் தவறவிட்டுவிடாதீர்கள். பாரிஸ் ஒரு கனவு, காப்ரியேல் ஒரு கனவு, ஸாஸி அந்தக் கனவுக்குள் ஒரு கனவு என்ற பொருளில் போகும். ஷேக்ஸ்பியரையும் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரையும் கலந்து அடித்த கிண்டல் அது. ஆனால் அத்தனை உயரத்தில், அத்தனை பெரிய உடம்போடு, தலைசுற்றிக்கொண்டு ஒருவர் அதைச் சொல்லும்போது கிண்டலுக்கு அடியில் ஒரு பயமும் கேட்கும். பாவம், அந்த மனிதர் ஒரு நாள் முழுக்க அந்தப் பிள்ளையின் பின்னால் ஓடிக் களைத்திருக்கிறார்.

நுவாரேவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், 'சினிமா பாரடைசோ'வில் படம் ஓட்டுகிற கிழவர் இவர்தான். ஸாஸியில் நடித்தபோது வயது 30-ஐக்கூடத் தாண்டவில்லை.

டார்க் காமெடின்னு சொன்னீங்க. எனக்கு வெறும் கோமாளித்தனமாத்தான் தெரிஞ்சுது. இதுல இருட்டு எங்க இருக்கு?

சிப்பி சாப்பிடுகிற காட்சியை மறுபடி பாருங்கள். சந்தையில் ஒரு மீசைக்கார ஆள் ஸாஸிக்கு நீல ஜீன்ஸ் வாங்கித் தருகிறான், அப்புறம் சாப்பாடும் வாங்கித் தருகிறான். அவள் சிப்பியைக் கடித்து உறிஞ்சி, சாறு அவன் சட்டையில் தெறிக்கத் தெறிக்க, தன் வீட்டுக் கதையைச் சொல்கிறாள். அப்பா குடிகாரர். ஒரு நாள் தன்னிடம் தப்பாக நடக்க வந்தார். அம்மா கோடாலியால் அவர் தலையைப் பிளந்துவிட்டாள். வழக்கு நடந்தது, அம்மா விடுதலை. இத்தனையையும் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த சிப்பியை எடுக்கிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவனோ, முன்பின் தெரியாத சின்னப் பெண்ணுக்குச் சாப்பாடு வாங்கித் தருகிற ஆள். நம்முடைய சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். அவல நகைச்சுவை என்றால் எனக்கு இந்த ஒரு காட்சிதான் உடனே நினைவுக்கு வரும்.

இன்னொரு இடம் அதற்கும் முன்னால். காலையில் வீட்டிலிருந்து நழுவி ஓடுகிற ஸாஸியைப் பிடிக்க, கீழ்வீட்டு காபிக்கடைக்காரர் துரத்திக்கொண்டு வருகிறார். அவள் தெருவில் நின்று, இந்த ஆள் என்னிடம் அசிங்கமாகப் பேசினான் என்று கத்துகிறாள். கூட்டம் கூடிவிடுகிறது. அவர் தப்பித்து ஓட வேண்டியதாகிறது. அவள் சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய் எந்த அனுபவத்திலிருந்து வருகிறது என்பது சிப்பிக் காட்சி வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். உலகத்தில் எதைச் சொன்னால் பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பதை அந்தக் குழந்தை எப்படியோ கற்றுக்கொண்டிருக்கிறாள். குறும்பு என்று நாம் சொல்வதில் பாதி அவளுடைய தற்காப்பு. இது புரிந்தபின் எனக்கு அவள் வேறு பிள்ளையாகத் தெரிந்தாள்.

அப்ப குழந்தைங்களோட சேர்ந்து பாக்கலாமா?

சின்னக் குழந்தைகளோடு வேண்டாம். ஒரு சிறுமி கதாநாயகி, கார்ட்டூன் மாதிரி ஓட்டம் என்பதைப் பார்த்துக் குழந்தைப் படம் என்று நினைத்துவிடுகிறார்கள். முந்தைய பதிலில் சொன்ன இரண்டு காட்சிகளே காரணமாகப் போதும்.

உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம், ஆனால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்லத் தயாராக இருங்கள். மழுப்புகிற பெரியவர்களைப் பற்றிய படத்தைக் காட்டிவிட்டு நாமும் மழுப்பினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடும்.

மாமா உண்மையில என்ன வேலை பாக்குறார்? வாட்ச்மேன்னு சொல்றார், அப்புறம் வேற மாதிரி இருக்கே?

இரவுக் காவல்காரன் என்று ஸாஸியிடம் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் இரவு விடுதி ஒன்றில் பெண் வேடம் கட்டி ஆடுகிறவர். ஸாஸிக்கு இது அரைகுறையாகக் காதில் விழுகிறது. அன்றிலிருந்து ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்கிறாள்: நீ ஓரினச் சேர்க்கையாளனா? அந்தச் சொல்லே அவளுக்குச் சரியாக வராது, எழுத்துகளை மாற்றி 'ஒர்மோசெசுவெல்' என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்பாள். ஒருவர்கூட நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

1960-ல் எடுத்த படம் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் படம் காப்ரியேலைக் கேவலப்படுத்துவதில்லை. அவர் நல்ல மனிதர். எரிச்சல்படுவார், கத்துவார், தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போக மாட்டார். ஆட்டத்துக்கு மொத்தக் கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு போவது, தான் யார் என்பதை அவளிடம் காட்டிவிடலாம் என்று அவர் எடுக்கும் முடிவு போலவே எனக்குப் படுகிறது. அவருடைய மனைவியைப் பற்றியும் கதையில் ஒரு முடிச்சு உண்டு. நாவலில் அவள் பெயர் மர்செலின். கடைசிப் பக்கத்தில் ஸாஸியின் அம்மா அவளை 'மர்செல்' என்று ஆண் பெயரில் கூப்பிடுவாள். ஒரே ஒரு சொல் வித்தையில் முழு வீட்டையும் மறுபடி யோசிக்க வைக்கிறார் கெனோ. படத்தில் அந்தப் பாத்திரத்துக்கு அல்பெர்தின் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மீசைக்கார ஆள் யார்? போலீஸா, திருடனா? ஒரே ஆள் வேற வேற வேஷத்துல வர்றானே?

ஒரே ஆள்தான். நடித்தவர் இத்தாலியர் வித்தோரியோ காப்ரியோலி. சிப்பி வாங்கித் தருகிறவன், போலீஸ்காரன், கடைசியில் ஒரு சர்வாதிகாரி மாதிரி வருகிறவன், எல்லாம் அவனே. ஒவ்வொரு தடவையும் பெயர் மாறும். நாவலில் ஒரு இடத்தில் அவனுக்கே தன் பெயர் ஞாபகம் வராது.

இதையும் முந்தைய பதிலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மாமா சொல்கிற வேலை ஒன்று, செய்கிற வேலை ஒன்று. மாமியின் பெயரில் ஒரு முடிச்சு. போலீஸ்காரன் யாரென்று அவனுக்கே தெரியாது. பெரியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வேஷத்தில் இருக்கிறார்கள். காபிக்கடையில் ஒரு கிளி வேறு இருக்கிறது. 'பேசு, பேசு, உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். நாவலின் மிக நேர்மையான விமர்சகர் அந்தக் கிளி. பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், டீச்சர் ஆகிப் பிள்ளைகளை உண்டு இல்லை என்று பண்ணுவேன் என்கிறாள் ஸாஸி. பின்னால் டீச்சர்களே இல்லாத காலம் வந்தால், விண்வெளிக்குப் போய்ச் செவ்வாய்க்காரர்களைப் படுத்துவாளாம். பெரியவர் என்றால் சின்னவர்களைப் படுத்துகிறவர் என்றுதான் அவள் இதுவரைக்கும் பார்த்திருக்கிறாள்.

நாவலைப் படிச்சுட்டுப் பாக்கணுமா?

அவசியமில்லை. ஆனால் தமிழ் வாசகர்களுக்கு அந்த நாவலின் ஒரு அம்சம் மற்றவர்களைவிட நன்றாகவே புரியும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாவலின் முதல் சொல் 'தூக்கிப்யூதோன்க்தான்'. அகராதியில் கிடைக்காது. 'எங்கிருந்துதான் இவங்க இப்படி நாறுறாங்களோ' என்ற பொருளுள்ள முழு வாக்கியத்தை வாயில் வருகிற மாதிரியே ஒட்டி ஒரே சொல்லாக எழுதிவிட்டார் கெனோ. ரயில் நிலையக் கூட்டத்தின் நடுவே காப்ரியேல் நினைப்பது அது. எழுதுகிற பிரெஞ்சு ஒரு மொழி, பேசுகிற பிரெஞ்சு இன்னொரு மொழி, இரண்டாவதற்கும் இலக்கியத்தில் இடம் வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதிட்டவர் அவர். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு என்று பள்ளியிலேயே தெரிந்துகொள்கிற நமக்கு இந்தச் சண்டையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 'என்னவென்று கேட்டுக்கொண்டு வா' என்பதை 'என்னான்னுகேட்னுவா' என்று ஒட்டி எழுதி, அதையே ஒரு நாவலின் முதல் சொல்லாக வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு பார்பரா ரைட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அந்த முதல் சொல்லையும் அவர் ஆங்கிலத்தில் அதே மாதிரி ஒட்டியே எழுதினார். படம் வந்த அதே 1960-ல்தான் கெனோ நண்பர்களோடு சேர்ந்து 'ஊலிப்போ' என்ற குழுவையும் தொடங்கினார். கணித விதிகளை வைத்து இலக்கியம் செய்தவர்கள் அவர்கள்.

இது நியூ வேவ் படமா?

நியூ வேவ் என்பது 1950-களின் கடைசியில் பிரான்சில் இளம் இயக்குநர்கள் கிளப்பிய புதிய சினிமா அலை. காலம் அதே காலம், ஊர் அதே ஊர். ஆனால் மால் அந்தக் கோஷ்டியில் ஒருவராக இல்லை. அந்த அலையின் கோதார், த்ருஃபோ போல அவர் விமர்சகராக இருந்து இயக்குநர் ஆகவில்லை. கடலுக்கு அடியில் கேமராவோடு போனவர். கடல் ஆய்வாளர் கூஸ்தோவோடு சேர்ந்து எடுத்த ஆவணப்படத்துக்கு 1956-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியபோது அவருக்கு வயது 23. ஸாஸிக்கு முன்னால் எடுத்த இரண்டு கதைப்படங்களும் கறுப்பு வெள்ளை, பெரியவர்களின் உலகம். அதன்பின் திடீரென்று இப்படி ஒரு வண்ணப் பட்டாசு.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மால் வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளிடம் திரும்பித் திரும்பி வந்தார் என்பது. 1987-ல் தன் சொந்தப் பள்ளி நாட்களை வைத்து எடுத்த 'குழந்தைகளே, போய் வருகிறேன்' படம் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதச் சிறுவன் ஒருவன் பிடிபடுவதைப் பற்றியது. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. அதில் ஒரு சிரிப்புகூட ஸாஸியின் சாயலில் இருக்காது. ஆனால் பெரியவர்கள் செய்து வைத்திருக்கும் உலகத்தை ஒரு குழந்தை நின்று பார்க்கிற பார்வை இரண்டிலும் ஒன்றுதான்.

லூயி மால் நம்ம ஊருக்கு வந்தார்னு சொல்றாங்களே?

வந்தார். 1968-ல் ஒரு சின்னக் குழுவோடு இந்தியா முழுக்கச் சுற்றி எடுத்த ஏழு பகுதி ஆவணத் தொடரில் இரண்டாவது பகுதி மெட்ராசைப் பற்றியது. மயிலாப்பூர்த் தேரையும் கலாக்ஷேத்ராவையும் அதில் பார்க்கலாம். 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பையும் மால் படம் பிடித்திருக்கிறார். வண்ணம், செட், சத்தம் என்று பெரிய படப்பிடிப்பு ஒன்றின் நடுவே ஸாஸியை எடுத்தவர் கேமராவோடு நின்றிருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். அந்தத் தொடரை பிபிசி ஒளிபரப்பியதில் இந்திய அரசுக்குக் கோபம் வந்து, 1970-ல் பிபிசியின் டெல்லி அலுவலகமே மூடப்பட்டது.

கடைசில எதுக்கு அவ்வளவு பெரிய சண்டை? திடீர்னு ராணுவம் மாதிரி வேற வருதே?

உணவகச் சண்டை முதலில் தட்டு வீசுவதில் ஆரம்பிக்கிறது. அப்புறம் மேஜை, கண்ணாடி, சுவர். சுவர் உடைந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு சுவர். நாம் பார்த்துக்கொண்டிருப்பது செட் என்பதைப் படமே கிழித்துக் காட்டிவிடுகிறது. நகைச்சுவை மெல்ல மெல்லக் கைமீறிப் போவது தெரியும். கூட்டத்தில் யாருக்கும் எதற்காக அடிக்கிறோம் என்று தெரியாது. அந்த நேரத்தில் மீசைக்காரன் தன் கறுப்புச் சட்டைப் படையோடு வந்து நிற்கிறான், முசோலினியின் சாயலில்.

1960-ல் பிரான்ஸ் அல்ஜீரியாவில் போரில் இருந்தது. 1954-ல் தொடங்கிய போர் 1962 வரைக்கும் நீடித்தது. தெருவில் போலீஸ், சீருடை, சந்தேகம் எல்லாம் அன்றைய பாரிஸ்காரருக்குச் சாதாரணம். அந்தப் பின்னணியில் பார்த்தால் இது வெறும் கூத்தாகத் தெரியாது. நாவலில் இந்த இடத்தில் ஒரு சாவு விழுகிறது. ஊர் சுற்றும்போது கூட ஒட்டிக்கொண்ட விதவைப் பெண்மணி குண்டடி பட்டு இறக்கிறாள். எனக்கு வருமானம் இருந்ததே, என்ன முட்டாள்தனம் என்று முணுமுணுத்துக்கொண்டே சாகிறாள். அதைப் படித்தபோது நான் சிரித்தேன், உடனே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் ஸாஸி எங்க? அவ தூங்கிட்டாளே!

ஆமாம். எட்டு மணிக்கே படுக்க வேண்டிய பிள்ளை. அவளை மகிழ்விக்கிறோம் என்று பெரியவர்கள் ஆரம்பித்த ஊர் சுற்றல் அவர்களுடைய சண்டையாகவே முடிந்துவிடுகிறது. அவளோ அத்தனை சத்தத்திலும் மேஜைமேல் தலை வைத்துத் தூங்குகிறாள்.

இங்கேதான் படத்தின் மிகக் கொடுமையான நகைச்சுவை. வேலைநிறுத்தம் முடிந்துவிடுகிறது. சண்டையிலிருந்து தப்ப அவளைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில்தான் போகிறார்கள். படத்தின் பெயருக்கு நியாயம் கிடைத்துவிட்டது, மெட்ரோவில் ஸாஸி. அவள் கண் திறக்கவே இல்லை. ஏன் எழுப்பவில்லை என்று கோபமாகக் கேட்டவர்கள் உண்டு. தூங்குகிற குழந்தையை யார் எழுப்புவார்கள்? எழுப்பாமல் விட்டது அன்பினால்தான். அந்த அன்பினாலேயே அவள் கேட்ட ஒரே ஒரு பொருளும் கிடைக்காமல் போகிறது.

கடைசி வசனத்துக்குச் சரியான அர்த்தம் என்ன? சப்டைட்டில்ல ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணு போட்டிருக்கே.

ரயில் நிலையத்தில் அம்மா கேட்கிறாள்: நன்றாகப் பொழுது போனதா? பரவாயில்லை என்கிறாள். மெட்ரோ பார்த்தாயா? இல்லை. அப்படியானால் என்னதான் செய்தாய்? ஸாஸியின் பதில் பிரெஞ்சில் இரண்டே சொல்: 'ழே வியெய்யி'.

அந்த வினைச்சொல் வளர்வதைக் குறிப்பதல்ல. மூப்படைவது, கிழடாவது. அதனால் 'வளர்ந்துட்டேன்' என்று போட்டால் தப்பு. வளர்ச்சி நல்ல செய்தி, இது நல்ல செய்தி இல்லை. 'பெரிய மனுஷி ஆயிட்டேன்' என்று போட்டால் தமிழில் அது பூப்பெய்துவதாகிவிடும், முற்றிலும் வேறு அர்த்தம். 'முதுமை அடைந்தேன்' என்றால் 10 வயதுப் பிள்ளை பேசுகிற மாதிரியே இல்லை. நான் பலநாள் யோசித்து 'எனக்கு வயசாயிடுச்சு' என்பதில் வந்து நின்றிருக்கிறேன். வீட்டில் பாட்டி கால் வலிக்கிறது என்று உட்காரும்போது சொல்கிற அதே வாக்கியம். அதை அந்தச் சின்ன முகம் சொல்லி முடிக்கும்போது அம்மா ஏற்கெனவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு அவசரப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டு படித்துப் பாருங்கள்.